கணிப்பொறிக்குள் ஒரு காட்சிசாலை

இங்கிலாந்தை வென்று ஆண்ட வில்லியம் மன்னர், 1086-ஆம் ஆண்டில் தம் நாட்டின் நிலங்களையும் குடிகளையும் கால்நடைகளையும் கணக்கெடுக்கச் செய்தார். வரி விதிப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது! பதப்படுத்திய ஆட்டுத்தோல் ஏடுகளில் இலத்தீன் மொழியில் அது எழுதப்பட்டது. 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பெயர் பெற்ற அந்த ஏடு 900 ஆண்டுகளைக் கடந்தும் அழியாமல், இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இலத்தீன் தெரிந்தவர் இன்றும் அதைப் படிக்கலாம்.

அதன் 900-ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் எழுதும் வேலையில் பெரும்பங்கு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? உங்களைப் போன்ற பள்ளி மாணவர்களுக்குத்தான்! தங்கள் ஊரில் என்னென்ன கடைகள் இருக்கின்றன, மக்கள் என்ன வேலை செய்கிறார்கள், பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்றெல்லாம் அவர்கள் எழுதினார்கள். புகைப்படங்களும் எடுத்து அனுப்பினார்கள். அத்தனையும் சுமார் 30 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட லேசர் தட்டுகளில் பதிவாயின. அக்காலத்தில் அது மிகப் புதுமையான முறை.

ஆனால் நடந்தது என்ன? அந்தத் தட்டுகளைப் படிக்க ஒரு தனிவகைக் கருவியும் ஒரு தனிவகைக் கணிப்பொறியும் வேண்டியிருந்தன. இரண்டுமே விரைவில் பழையனவாகி, உற்பத்தியும் நின்றுபோயிற்று. 2002-ஆம் ஆண்டளவில் அந்தத் தட்டுகளைப் படிக்கக்கூடிய கருவிகள் அரிதாகிவிட்டன. 900 ஆண்டு வயதான தோல் ஏட்டைப் படிக்க முடிந்தது. 16 வயதான லேசர் தட்டைப் படிப்பது பெரும்பாடாகிவிட்டது! லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், அந்தப் பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை உருவாக்கி, தொகுப்பை மீண்டும் பார்க்க முடியும் என்று 2002-இல் காட்டினார்கள். 2011-இல் மாணவர்கள் எழுதிய பகுதியை பி.பி.சி. இணையத்தில் வெளியிட்டது. தொகுப்பு பிழைத்தது. ஆனால் மயிரிழையில்தான் பிழைத்தது.

மாணவ நண்பர்களே! இந்தக் கதை நமக்குச் சொல்வது என்ன? தோல் ஏட்டைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். மின்னணுத் தொகுப்பைப் படிக்கவோ கருவி வேண்டும், அதை இயக்கும் மென்பொருள் வேண்டும், தகவல் எந்த முறையில் எழுதப்பட்டது என்ற விளக்கமும் வேண்டும். இவற்றுள் ஒன்று மறைந்தாலும் உள்ளே இருப்பது ஊமையாகிவிடும். ஆகவே ஒரு தொகுப்பை அமைக்கும்போதே, நாளைக்கு வேறொருவர் வேறொரு கணிப்பொறியில் அதைத் திறக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்து அமைக்க வேண்டும். அப்படி ஒரு காட்சிசாலையை அமைக்கும் முறையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கடைவிரிப்பது என்று ஒரு சொல்

அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ராய் ரோசன்ஸ்வைக் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1994-இல் ஓர் ஆய்வு மையத்தை நிறுவினார். வரலாற்றைக் கணிப்பொறியின் துணையால் எல்லோருக்கும் எட்டச் செய்வதே அதன் நோக்கம். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியும், 2005-இல் வீசிய கத்ரீனா புயல் பற்றியும் பொதுமக்கள் சொன்ன நினைவுகளையும் படங்களையும் அந்த மையத்தார் திரட்டினார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் புதிதாக நிரல் எழுதுவதைவிட, எல்லாத் தொகுப்புகளுக்கும் பொதுவான ஒரு மென்பொருளைச் செய்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 'ஒமேக்கா'. 2008-இல் அது வெளியாயிற்று. சுவாகிலி மொழியில் இந்தச் சொல்லுக்குப் பண்டங்களைப் பரப்பி வைத்தல், கடைவிரித்தல் என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

2017-இல் 'ஒமேக்கா எஸ்' என்ற இளைய உடன்பிறப்பும் வெளிவந்தது. ஒரே நிறுவலில் பல காட்சிசாலைகளை நடத்த அது இடம் தருகிறது. இரண்டும் இலவசமானவை, அவற்றின் மூல நிரல்களை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இந்தத் திறந்த தன்மை முக்கியமானது. ஒமேக்காவைச் செய்தவர்கள் ஒருநாள் அதைக் கைவிட்டாலும், அது எப்படி வேலை செய்கிறது என்பது உலகத்திற்குத் தெரிந்தே இருக்கும் அல்லவா?

சீட்டு இல்லாத பொருள் அநாதை

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய புகைப்படம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஏதோ ஒரு கட்டடம். யார் இவர்கள்? எந்த ஊர்? எந்த ஆண்டு? பாட்டியைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொன்னதை யாரும் எழுதி வைக்காவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பத்து முகங்கள்தாம்.

காட்சிசாலையில் பொருள்களின் அருகே சிறு அட்டைகள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பட்டியல் சீட்டு உண்டு. பொருளைப் பற்றிய இந்தத் தகவலையே 'மேல்தரவு' என்கிறோம். மின்னணுத் தொகுப்பில் படம் உடல் என்றால், மேல்தரவுதான் உயிர்.

ஒவ்வொருவரும் தம் மனம்போன போக்கில் சீட்டு எழுதினால் குழப்பம்தானே? ஆகவே 1995-இல் நூலகர்களும் கணிப்பொறி அறிஞர்களும் கூடி ஒரு பொதுவான முறையை ஆராய்ந்தார்கள். கூடிய இடம் டப்ளின். அயர்லாந்தின் தலைநகரம் அன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். அங்கே தொடங்கி வளர்ந்த முறைக்கு 'டப்ளின் கோர்' என்று பெயர். அதில் 15 தலைப்புகள் உண்டு: பெயர், ஆக்கியவர், பொருள், விவரம், வெளியிட்டவர், துணை செய்தவர், தேதி, வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, இடமும் காலமும், உரிமை. ஒமேக்காவில் ஒரு பொருளைச் சேர்க்கும்போது இந்தத் தலைப்புகளே நம்முன் வந்து நிற்கும்.

தேதியை எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. 5-8-74 என்று எழுதினால் அது ஆகஸ்டு 5-ஆ, மே 8-ஆ? 1974-ஆ, 1874-ஆ? 1974-08-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். ஐயமும் இராது, கணிப்பொறி எண்களை வரிசைப்படுத்தும்போது தேதிகளும் தாமே காலவரிசையில் அமைந்துவிடும்.

நான்கு வேலையாட்கள்

ஒமேக்கா நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியில் தனியே ஓடும் மென்பொருள் அன்று. அது ஒரு 'வழங்கி'யில், அதாவது சர்வரில், குடியிருக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் பக்கங்களை வழங்குவதால் அந்தக் கணிப்பொறிக்கு வழங்கி என்று பெயர். ஒமேக்காவுக்கு அங்கே நான்கு வேலையாட்கள் வேண்டும்.

முதலாவது லினக்ஸ். இது இயக்க அமைப்பு. நினைவகம், தட்டு, வலையமைப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தமது 21-ஆம் வயதில் இதன் கருவை எழுதி வெளியிட்டார். இன்று உலகின் வழங்கிகளில் பெரும்பாலானவை இதில்தான் ஓடுகின்றன.

இரண்டாவது அப்பாச்சி. இது வாயிற்காப்போன். இணையத்திலிருந்து வரும் வேண்டுகோளைப் பெற்று உள்ளே அனுப்பும். விடையை வெளியே கொடுக்கும். 1995-இல் தோன்றியது.

மூன்றாவது மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. இது தரவுத்தளம். நம் சீட்டுகளையெல்லாம் அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் பண்டகசாலைக் கணக்கர். மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் வைடேனியஸ், தம் மூத்த மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். 2009-இல் அதிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர்!

நான்காவது பி.எச்.பி. இது நிரல்மொழி. ஒமேக்கா இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இவை நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'லேம்ப்', அதாவது விளக்கு என்று வரும்.

இவை சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன? ஒருவர் தம் உலாவியில் நம் காட்சிசாலையின் 25-ஆம் பொருளைக் கேட்கிறார். அப்பாச்சி அந்த வேண்டுகோளை வாங்கி, பி.எச்.பி.யிடம் கொடுக்கிறது. பி.எச்.பி. ஒமேக்காவின் நிரலைப் படித்து, '25-ஆம் பொருளின் சீட்டைக் கொடு' என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. சீட்டு வந்ததும், அதையும் படத்தின் முகவரியையும் கோத்து ஒரு பக்கத்தை அந்த நொடியிலேயே எழுதி முடிக்கிறது. அப்பாச்சி அதை அனுப்புகிறது. அந்தப் பக்கம் முன்பே எழுதி வைக்கப்பட்டதன்று. கேட்டவுடன் சுட்ட தோசை போல அப்போதைக்கப்போது தயாராவது!

நிறுவும் முறை

இனி வேலையில் இறங்குவோம். உபுண்டு அல்லது டெபியன் வகை லினக்ஸ் உள்ள கணிப்பொறி நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். வழங்கியில் பொத்தான்களும் படங்களும் பெரும்பாலும் இரா. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அஞ்ச வேண்டாம். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று தெரிந்தால் கறுப்புத் திரை நல்ல நண்பன்.

முதற்படி, வேலையாட்களை அமர்த்துவது. 'ஆப்ட்' என்ற கட்டளை இதற்கு உதவும். அதன்மூலம் முதலில் மென்பொருள்களின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு அப்பாச்சி, மரியாடிபி, பி.எச்.பி. ஆகியவற்றையும், பி.எச்.பி. தரவுத்தளத்தோடு பேச உதவும் இணைப்பையும், எக்ஸ்எம்எல் இணைப்பையும், படங்களைச் சிறிதாக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளையும் கேட்டுப் பெற வேண்டும். இத்தகைய கட்டளைகளுக்கு முன்னால் 'சுடோ' என்று சேர்க்கிறோம். 'தலைமை நிர்வாகியின் அதிகாரத்தோடு இதைச் செய்' என்பது அதன் பொருள். அதிகாரம் பெரிது, ஆகவே ஒவ்வொரு முறையும் எழுதியதைப் படித்துவிட்டுப் பிறகு விசையைத் தட்டுங்கள்.

இரண்டாம் படி, தரவுத்தளத்தில் ஒமேக்காவுக்கென்று ஓர் அறை ஒதுக்குவது. காலியான ஒரு தரவுத்தளத்தைப் படைத்து, அதற்கு மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரையும், வலுவான ஒரு கடவுச்சொல்லையும் ஏற்படுத்த வேண்டும். தலைமைப் பயனரையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். ஒரு வீட்டின் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவியை வைத்து, அதைக் கூடத்து ஆணியில் மாட்டி வைப்பீர்களா? ஓர் அறைச் சாவி தொலைந்தால் ஓர் அறைக்கே ஆபத்து. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, ஒமேக்காவின் கோப்புகளைக் கொண்டுவருவது. அவை ஒரே பொதியாகச் சுருக்கிக் கிடைக்கும். அதை இறக்கி, அப்பாச்சி பார்க்கும் கோப்புறையில் விரிக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொதிக்குள் புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு சிறு கோப்பு இருக்கும். அதன் பெயர் 'எச்டி-ஆக்சஸ்'. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணப் பட்டியலில் தெரியா. கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தும்போது பலர் இதை விட்டுவிடுவார்கள். பிறகு முதற் பக்கம் வரும். எந்த இணைப்பைத் தட்டினாலும் 'இல்லை' என்ற விடையே வரும்!

ஏன் அப்படி? 25-ஆம் பொருளின் முகவரியில் 'ஐட்டம்' என்ற கோப்புறையும் அதற்குள் '25' என்பதும் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் தட்டில் அப்படி எதுவும் கிடையாது. எந்த முகவரி வந்தாலும் அதை ஒமேக்காவின் தலைவாசல் கோப்புக்குத் திருப்பிவிடும் விதி அந்தச் சிறு கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்பாச்சியில் 'ரீரைட்' என்ற பகுதியை இயக்கி, 'அந்தக் கோப்பு சொல்வதைக் கேள்' என்று அனுமதியும் கொடுக்க வேண்டும். உபுண்டுவில் இந்த அனுமதி தொடக்கத்தில் மறுக்கப்பட்டே இருக்கும்.

நான்காம் படி, அறிமுகப்படுத்துவது. ஒமேக்காவின் அமைப்புக் கோப்புறையில் தரவுத்தள விவரங்களுக்கான ஒரு சிறு கோப்பு இருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர், அது இருக்கும் கணிப்பொறி ஆகிய நான்கையும் அதில் நிரப்ப வேண்டும். தரவுத்தளம் அதே கணிப்பொறியில் இருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் போதும்.

7-இன் இரகசியம்

ஐந்தாம் படியில் கொஞ்சம் கணிதம் வருகிறது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்பையும் யார் என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று எண்கள் உண்டு. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கணக்கு. இவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். படிக்கவும் எழுதவும் என்றால் 4+2=6. மூன்றும் என்றால் 7.

ஏன் 1, 2, 3 என்று வைக்காமல் 1, 2, 4 என்று வைத்தார்கள்? 1, 2, 3 என்று வைத்திருந்தால், 3 என்பது மூன்றாம் உரிமையா, முதலிரண்டும் சேர்ந்ததா என்று தெரியாது. 1, 2, 4 என்ற எண்களை எப்படிக் கூட்டினாலும் ஒவ்வொரு கூட்டுத்தொகையும் ஒரே வழியில்தான் வரும். நீங்கள் படிக்கும் இரும எண்முறை இதுதான்: 6 என்பது 110, 5 என்பது 101.

இப்போது 644 என்ற எண்ணைப் படித்துப் பாருங்கள். உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். கோப்புறைகளுக்கு 755 என்று வைப்பார்கள். கோப்புறையைப் பொறுத்தவரை 'இயக்குதல்' என்பதற்கு உள்ளே நுழைதல் என்று பொருள்.

ஒமேக்காவில் படங்கள் சேரும் 'ஃபைல்ஸ்' என்ற கோப்புறையில் மட்டும் அப்பாச்சி எழுத முடிய வேண்டும். ஆகவே அந்தக் கோப்புறையை அப்பாச்சியின் பயனருக்கே உரிமையாக்கிவிடுகிறோம். சிலர் அவசரத்தில் 777 என்று கொடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் எல்லா உரிமையும்! வேலை நடக்கும், ஆனால் கதவே இல்லாத வீடாகிவிடும்.

இனி உலாவியைத் திறந்து நம் வழங்கியின் முகவரியைக் கொடுத்தால், ஒமேக்காவின் நிறுவும் பக்கம் தோன்றும். நிர்வாகியின் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், காட்சிசாலையின் பெயர், நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்கும். ஏதேனும் ஒரு தேவை குறைந்தால் அதையும் சொல்லிவிடும். எல்லாம் சரியென்றால் சில நொடிகளில் தரவுத்தளத்தில் அட்டவணைகள் முளைத்துவிடும். காட்சிசாலை தயார்! பொருள்கள்தாம் இன்னும் வரவில்லை.

தமிழுக்கு எத்தனை பைட்?

கணிப்பொறிக்கு எழுத்துகள் எண்களே. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்திருக்கும் பட்டியல் 'யூனிகோட்'. அந்த எண்களை பைட்டுகளாக எழுதும் முறை 'யூடிஎஃப்-8'. இதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்.

மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்-8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்த அமைப்பு, ஒரு குறிக்கு 3 பைட்டுக்குமேல் இடம் தராது. தமிழுக்கு 3 போதுமே என்று எண்ணலாம். ஆனால் நம் முன்னோர் கணக்கேடுகளில் எழுதிய முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் உண்டல்லவா? அவை 2019-இல்தான் யூனிகோடில் இடம்பெற்றன. அவற்றுக்கு 4 பைட் வேண்டும்! ஆகவே பழைய கணக்கேடு ஒன்றின் சீட்டில் அந்தக் குறியை எழுத விரும்பினால், 4 பைட்டுக்கு இடம் தரும் 'எம்பி-4' வகையைத் தேர்ந்து தரவுத்தளத்தைப் படைக்க வேண்டும். தமிழையே அறியாத ஒரு பழைய அமைப்பைத் தேர்ந்தால், எழுத்துகளெல்லாம் வினாக்குறிகளாக மாறிவிடுவதும் உண்டு. மாறியபின் மீட்க வழியில்லை.

முதல் பொருள் ஏன் ஏறவில்லை?

ஒரு பழைய கடிதத்தை வருடி ஏற்ற முயல்கிறீர்கள். ஏறவில்லை! என்ன காரணம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ-4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால், குறுக்கே சுமார் 2,480 புள்ளியும் நெடுக்கே சுமார் 3,508 புள்ளியும் கிடைக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். ஆக ஏறத்தாழ 260 லட்சம் பைட், அதாவது 26 மெகாபைட். பி.எச்.பி.யோ தொடக்கத்தில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைட் வரைதான் அனுமதிக்கும். வாசற்படியைவிடப் பெட்டி பெரிது! பி.எச்.பி.யின் அமைப்புக் கோப்பில் இந்த எல்லையையும், ஒரு வேண்டுகோளின் மொத்த எல்லையையும் உயர்த்திவிட்டு, அப்பாச்சியை மறுபடி தொடங்கினால் படம் ஏறிவிடும்.

பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் 26 மெகாபைட் படத்தையே அனுப்பினால் வழங்கி திணறிவிடும். எனவே ஒமேக்கா எஸ் மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இமேஜ்மேஜிக்கின் துணையால் பெரிது, நடுத்தரம், சதுரம் என மூன்று சிறு படிகளைச் செய்து வைத்துக்கொள்ளும். பட்டியலில் தெரிவன இந்தச் சிறு படிகளே.

நிறுவியாயிற்று, காப்பது எப்படி?

நிறுவுவது ஒரு நாள் வேலை. காப்பது பல்லாண்டு வேலை. லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் கண்டறியப்பட்ட ஓட்டைகள் வழியாகத்தான் திருடர்கள் நுழைகிறார்கள்.

அடுத்தது படியெடுத்தல். ஒமேக்காவின் செல்வம் இரண்டு இடங்களில் இருக்கிறது. சீட்டுகள் தரவுத்தளத்தில், படங்கள் 'ஃபைல்ஸ்' கோப்புறையில். ஒன்றை மட்டும் படியெடுத்தால் உயிரில்லா உடலோ, உடலில்லா உயிரோதான் மிஞ்சும். தரவுத்தளத்தை ஒரே கட்டளையில் ஓர் உரைக்கோப்பாக எழுதி எடுத்துவிடலாம். அந்தக் கோப்பை எந்தக் கணிப்பொறியிலும், எந்த எழுதுபலகை மென்பொருளிலும் திறந்து படிக்க முடியும். படங்கள் எங்கும் வழங்கும் பொது வடிவங்களில் இருக்கின்றன. ஆகவே ஒமேக்காவே ஒருநாள் மறைந்துபோனாலும் தொகுப்பு பேசும். லேசர் தட்டுக்கு இல்லாமற்போன பாதுகாப்பு இதுதான்.

எடுத்த படி கெடாமல் இருக்கிறதா என்று எப்படி அறிவது? கோப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. 'எஸ்எச்ஏ-256' என்ற கணித முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்கிக் கொடுக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். ஒமேக்கா எஸ், ஏற்றிய கோப்புகளின் கைரேகையைத் தன் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. பல ஆண்டு கழித்து மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், கோப்பு சேதமாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படியை அதே அறையில் வைத்துப் பயனில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை அதோடு மறைந்தன. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி, உலகெங்கும் படிக்கும்படி வைத்துவருகிறது. ஓர் ஊரின் நினைவு ஒரே கட்டடத்தை நம்பி இருக்கக் கூடாது. மூன்று படிகள், அவற்றுள் ஒன்றாவது வேறோர் ஊரில் என்பது நல்ல விதி.

காட்டக்கூடியது, காட்டக்கூடாதது

15 தலைப்புகளுள் கடைசியானது உரிமை என்று பார்த்தோம். அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள். புகைப்படத்தை எடுத்தவர் யார், கடிதத்தை எழுதியவர் யார், இதை உலகுக்குக் காட்ட அவரோ குடும்பத்தாரோ சம்மதித்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். ஒமேக்காவில் ஒவ்வொரு பொருளையும் பொதுப் பார்வைக்கு வைக்கலாம், மறைத்தும் வைக்கலாம். ஒருவரை வருத்தப்படுத்தும் படத்தை மறைத்து வைப்பதும் காப்பாளரின் கடமையே.

செய்து பாருங்கள்

இதற்கெல்லாம் பெரிய வழங்கி வேண்டுமே என்று மலைக்காதீர்கள். பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, இணையத்தோடு இணைக்காமலே ஒமேக்காவை நிறுவிப் பழகலாம். கணிப்பொறியே இல்லாவிட்டாலும் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்துக்கு 15 தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ பத்துப் பழைய பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழாக இருக்கலாம். தாத்தாவின் ரேஷன் அட்டையாக, மரக்காலாக, ஒரு புகைப்படமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். மென்பொருளை அடுத்த ஆண்டும் நிறுவலாம். அந்தப் புகைப்படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே நோட்டுப் புத்தகத்தை முதலில் எடுங்கள்.